பெயர் வைத்தவர்களும் எண் போட்டவர்களும்

எண் என்றால் நமக்கு ஒரு கசப்பு. சிறைக் கைதிக்கு எண். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எண். ரேஷன் கடை வாசலில் நிற்பவனுக்கு எண். 'மனிதனை வெறும் எண்ணாக்கிவிட்டார்களே!' என்று ஒரு தடவையாவது பேனாவை உதறாத எழுத்தாளன் தமிழில் அகப்படுவது கடினம். அந்தக் குமுறலில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நியாயம் நாவுக்குப் பழகிப் போய்விட்டால், அதற்கப்புறம் அதை யாரும் உரைத்துப் பார்ப்பதில்லை. செல்லாத இடத்திலும் அதே நாணயத்தை நீட்டுகிறோம்.

கனடா நாட்டின் மேற்குக் கரையில், ஓர்க்கா என்னும் திமிங்கிலங்களைப் படகிலிருந்து பார்த்து, ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகக் குறித்து வைத்திருக்கிறார்களே, அந்த ஆராய்ச்சியைப் பாராட்டி நான் ஒரு பத்திரிகையில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு என் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரும் கதாசிரியர், நல்ல கதாசிரியர். 'அகண்ட சமுத்திரத்தில் சுதந்திரமாகத் திரிகிற ஒரு ஜீவனைப் போய் ஜே-35 என்று வீட்டு வரி ரசீது மாதிரி கூப்பிடுவதா? இது குமாஸ்தா புத்தி ஐயா! கவிஞனாக இருந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பான். எண் போடுகிறவனுக்கு இதயம் ஏது? நீரெல்லாம் இதைப் பாராட்டலாமா?' என்று கேட்டிருந்தார்.

அவருக்குத் தனியாகவே பதில் எழுதியிருப்பேன். ஆனால் அது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக எனக்குத் தோன்றவில்லை. கதை எழுதுகிறவர்களும், கதை படிக்கிறவர்களும் பெருமையோடு வைத்துக்கொண்டிருக்கிற அபிப்பிராயம் அது. இதயம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். நாமெல்லாம் இதயத்தின் பக்கம் என்று ஒரு நினைப்பு. ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்கிறேன். அந்தக் கடலின் சரித்திரம் என் நண்பர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. அங்கே பெயர் வைத்தவர்கள் பிடித்தார்கள், விற்றார்கள். எண் போட்டவர்கள்தாம் அதைத் தடுப்பதற்கு வழி செய்தார்கள்.

முதலில் ஓர்க்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். திமிங்கிலம் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது ஓங்கில் ஜாதியைச் சேர்ந்தது. அந்த ஜாதியிலேயே மிகப் பெரியது. உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு. முதுகின் நடுவில் ஒரு துடுப்பு. வயது வந்த ஆணுக்கு அது ஓர் ஆள் உயரம், ஆறடி வரையில்கூட நிமிர்ந்து நிற்கும். அந்தத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி ஒரு சாம்பல் நிறத் திட்டு. இந்தத் துடுப்பையும் இந்தத் திட்டையும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

இந்த ஜீவனுக்கு மனிதன் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கொலைகாரத் திமிங்கிலம்.' எண்ணல்ல, பெயர்தான்! மாலுமிகளின் கற்பனையில் பிறந்து, புத்தகங்களில் ஏறி, ஜனங்களின் வாயில் நிலைத்துப்போன பெயர். காட்டு வாழ்க்கையில் இருக்கும் ஓர்க்கா ஒரு மனிதனைக் கொன்றதாக நம்பத்தகுந்த பதிவு ஒன்றுகூட இல்லை. ஆனால் பெயர் இருக்கிறதே, அது போதாதா? சால்மன் மீனைத் தின்கிறது என்ற கோபத்தில் செம்படவர்கள் கண்ட இடத்தில் சுட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் மீன்வளத் துறை, ஓர்க்காக்கள் கடந்து போகும் ஒரு ஜலசந்தியின் கரையில் அவற்றைச் சுடுவதற்கென்றே ஓர் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்தி வைத்தது. நல்ல வேளையாக அது சுடவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் உயிரோடு பிடிபட்ட ஓர்க்காக்களில் நான்கில் ஒன்றின் உடம்பில் பழைய குண்டுக் காயம் இருந்தது. ஒரு பெயர் செய்த வேலை இது.

அப்புறம் வந்தது செல்லப் பெயர்களின் காலம். 1964-ல் வான்கூவர் நகரத்து நீர்வாழ் காட்சிச்சாலை ஓர் ஓர்க்காவின் சிலையைச் செய்ய விரும்பியது. சிலைக்கு மாதிரி வேண்டுமே! ஒன்றைக் கொன்று கொண்டுவரும்படி ஒரு சிற்பியை அனுப்பினார்கள். ஈட்டி பாய்ந்தும் அது சாகவில்லை. கயிற்றில் கட்டிய நாயைப் போல அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. பார்த்தவர்கள் இரங்கினார்கள், அன்பு பொங்கியது, அதைப் பெண் என்று முடிவு கட்டி 'மோபி டால்' என்று பொம்மைப் பெண்ணின் பெயரும் வைத்தார்கள். மூன்று மாதங்களுக்குள் அது செத்துப் போயிற்று. செத்த பிறகு அறுத்துப் பார்த்தால், அது ஆண்!

என் நண்பர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எதிரே மிதக்கிற ஜீவன் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத அன்பு அது. ஆனால் பெயர் மட்டும் தயாராக இருந்தது.

அடுத்த வருஷம், 1965-ல், 'நாமு' என்ற செம்படவக் கிராமத்தருகே ஓர் ஆண் ஓர்க்கா வலையில் சிக்கியது. சீயாட்டில் நகரத்தில் காட்சிச்சாலை வைத்திருந்த டெட் கிரிஃபின் அதை 8,000 டாலர் கொடுத்து வாங்கினார். ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். அவர் அதை நேசித்தார். தண்ணீரில் இறங்கி அதோடு நீந்தினார். அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்தார். அந்த அன்பைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வருஷத்தில் நாமு இறந்தது. அதன் பெயரில் சினிமாவும் வந்தது. கொலைகாரன் செல்லப்பிள்ளையாகிவிட்டான்; ஆகவே ஒவ்வொரு நகரத்துக் காட்சிச்சாலைக்கும் ஒரு செல்லப்பிள்ளை தேவைப்பட்டது! நேசித்த அதே மனிதரும் அவருடைய கூட்டாளியும் வலையும் விசைப்படகுமாகக் கிளம்பினார்கள்.

நாமுவுக்குத் துணையாக ஒரு பெண் குட்டியைப் பிடித்தார்கள். பிடிக்கும்போது அதன் தாய் ஈட்டிபட்டுச் செத்தது. குட்டிக்கு 'ஷாமு' என்று பெயர். கலிஃபோர்னியாவில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அது போய்ச் சேர்ந்து 1971-ல் இறந்தது. ஆனால் ஷாமு சாகவில்லை! அந்தப் பெயரை அடுத்த ஓர்க்காவுக்கு மாட்டினார்கள், அதற்கப்புறம் இன்னொன்றுக்கு. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த குழந்தைகளுக்கு என்றும் ஷாமு, எப்போதும் ஷாமு! நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் கிரீடம் கைமாறுகிற மாதிரி பெயர் கைமாறிக்கொண்டிருந்தது. உள்ளே தலைகள் மாறிக்கொண்டிருந்தன. செத்தது யார், வந்தது யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பெயரின் உபயோகமே அதுதான்.

1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாகாணத்தின் விட்பி தீவருகே, பென் கோவ் என்ற குடாவுக்குள் பெருங்கூட்டமாக ஓர்க்காக்களை வளைத்து அடைத்தார்கள். ஏழு குட்டிகளை உயிரோடு தூக்கி விற்றார்கள். நாலு குட்டிகளும் ஒரு பெரியதும் வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் செத்தன. செத்தவற்றின் வயிற்றைக் கிழித்து, கல்லைப் போட்டு நிரப்பி, சங்கிலியால் கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள். சில மாதங்களில் சில உடல்கள் கரை ஒதுங்கி ஊருக்குச் செய்தியைச் சொல்லின. விற்கப்பட்டவற்றில் ஒன்று மியாமி நகரத்துக்குப் போயிற்று. முதலில் 'டோக்கிட்டே' என்றார்கள். மேடைக்கு வந்தபோது 'லோலிட்டா' ஆயிற்று.

கதை படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 1955-ல் வெளிவந்த நபக்கோவின் நாவலின் பெயர் அது. அந்த நாவலில் ஒரு சிறுமியின் சொந்தப் பெயரையே மறைத்து, தான் விரும்பிய செல்லப் பெயரைச் சூட்டி, தாயில்லாத அவளை ஊர் ஊராகக் கடத்திக்கொண்டு போகிறான் ஒருவன். பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. 80 அடி நீளத் தொட்டி ஒன்றில் 53 வருஷம் வாழ்ந்து 2023 ஆகஸ்டில் அது இறந்தது. பென் கோவில் பிடிபட்டு விற்கப்பட்டவற்றில் கடைசி உயிர் அது.

இனி எண் போட்டவர்களிடம் வருவோம்.

பிடிக்கிறவர்களிடம் கேட்டால், 'கடலில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பத்துப் பிடித்தால் குறைந்தா போய்விடும்?' என்பார்கள். எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் இல்லாததால் மறுத்துச் சொல்லவும் ஒருவரும் இல்லை. கனடா சர்க்காரின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று நனைமோ என்ற ஊரில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த மைக்கேல் பிக் என்னும் இளம் விஞ்ஞானியிடம் இந்தக் கேள்வி வந்தது. 1971 ஜூலை மாதம் ஒரே நாளில் கணக்கெடுப்பு நடத்தினார். செம்படவர்கள், கலங்கரை விளக்கக் காவலர்கள், படகுக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் படிவங்களை அனுப்பி, 'இன்றைக்கு உங்கள் கண்ணில் எத்தனை ஓர்க்கா பட்டது?' என்று கேட்டார். வந்த பதில்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆயிரங்கள் எங்கும் இல்லை. அந்தக் கரை நெடுகிலும் 200-லிருந்து 350-க்குள் அடங்கிவிட்டது. என் நண்பரின் பாஷையில், சுத்தமான குமாஸ்தா வேலை!

ஆனால் மொத்தத்தை எண்ணுவதோடு அவர் நிற்கவில்லை. படகில் போய்ப் பார்த்தபோது, ஏதோ விபத்தில் துடுப்பு சிதைந்து மொட்டையாகிப் போன ஓர் ஓர்க்கா தென்பட்டது. அடுத்த தடவையும் அதே மொட்டைத் துடுப்பு. அதைச் சுற்றி அதே கூட்டாளிகள். அந்தக் கூட்டாளிகளின் துடுப்புகளை உற்றுப் பார்த்தால் ஒன்றில் ஒரு கீறல், ஒன்றில் ஒரு வெட்டு. கீறலே இல்லாதவற்றிலும் முதுகிலிருக்கும் சேணத் திட்டு ஒன்றைப் போல ஒன்று இல்லை. நம் கைரேகை மாதிரி. அப்படியானால் எல்லாவற்றையுமே அடையாளம் காணலாம் அல்லவா? கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை. கடல்பிராணியை முகம் தெரிந்துகொள்வதாவது!

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று படித்தபோது, அதன் பொறுமைதான் என்னைத் தொட்டது. ஒரு சின்ன மோட்டார் படகு. தூரத்தில் மூச்சு விடும் நீராவி தெரிந்தால் நேரே பாய்ந்து போவதில்லை. மெல்ல அணுகி, அவை போகிற திசையிலேயே, அவை போகிற வேகத்திலேயே, பக்கவாட்டில் கூடப் போக வேண்டும். மூச்சுக்கு மேலே வரும் அந்த இரண்டு மூன்று விநாடிக்குள், துடுப்பும் திட்டும் தெளிவாக விழும்படி ஒரு படம். பெரும்பாலும் இடது பக்கத்தை. அலை ஆடும், படகு ஆடும், கை ஆடும். பத்துப் படத்தில் ஒன்று தேறினால் பெரிது. கரைக்கு வந்து பிலிமைக் கழுவி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இது அதுதானா? இந்தக் கீறல் போன வருஷம் இருந்ததா? யாருக்குப் பக்கத்தில் யார் வந்தது? இப்படி ஒரு நாளில்லை, ஒரு மாதமில்லை, வருஷக்கணக்கில். இடையில் இந்த வேலைக்குப் பணமும் நேரமும் நின்றுபோன காலத்திலும் பிக் தம் சொந்த நேரத்தில் இதைச் செய்துகொண்டிருந்தார். உடன் உழைத்தவர்களில் கிரேம் எல்லிஸ் என்பவர், ஒரு காலத்தில் பிடிபட்ட ஓர்க்காக்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தொட்டியை விட்டுவிட்டு அவரும் இந்தப் படகுக்கு வந்து சேர்ந்தார்.

கூட்டத்துக்கு ஓர் எழுத்து. கூட்டத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தெற்கே அமெரிக்க எல்லையை ஒட்டித் திரிகிற கூட்டங்களுக்கு ஜே, கே, எல் என்று எழுத்துகள். 1976-லிருந்து அந்தப் பகுதியின் கணக்கைக் கென் பால்கம் என்பவர் எடுத்தார். 2022-ல் இறக்கும் வரையில் எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் தொடங்கியபோது அந்த மூன்று கூட்டமும் சேர்ந்து சுமார் 70 உயிர்கள். அதற்கு முந்தைய சுமார் பத்து வருஷத்தில் அந்தக் கூட்டங்களிலிருந்து பிடிபட்டும் பிடிக்கும்போது செத்தும் போனவை ஏறத்தாழ 50! பெரும்பாலும் இளசுகள். 'ஆயிரக்கணக்கில் இருக்கின்றன' என்ற பேச்சு அன்றோடு போயிற்று. பிடித்தவர்கள் கடலிலிருந்து எடுக்கவில்லை. மூன்று வீடுகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வீடு என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எண் போட்டவர்கள் கண்டுபிடித்ததே அதுதான். மீன் தின்று வாழும் இந்த ஓர்க்காக் கூட்டத்தில் மகளும் தாயை விட்டுப் போவதில்லை, மகனும் போவதில்லை. இணை சேர்வது வேறு கூட்டத்தோடு; சேர்ந்துவிட்டுத் தாயிடமே திரும்பிவிடும். ஆறடித் துடுப்புள்ள முப்பது வயது ஆணும் அம்மாவின் பக்கத்தில்தான் நீந்தும். அந்த ஆணின் தாய் இறந்துவிட்டால், அடுத்த ஓராண்டுக்குள் அதுவும் இறந்துபோகிற அபாயம் பல மடங்கு கூடிவிடுகிறது என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்லிற்று. பிள்ளை பெறும் வயது தாண்டிய கிழவிகள் பல்லாண்டு வாழ்கின்றன. மீன் கிடைக்காத வருஷங்களில் கூட்டத்துக்கு முன்னால் போய் வழிகாட்டுவது அவைதாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி ஜான் ஃபோர்டு என்பவர் கேட்டு வகைப்படுத்தினார். குரலைக் கேட்டே எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்கிறேன். பிறந்த குட்டியின் துடுப்பில் கீறலும் இருக்காது. சேணத் திட்டும் தெளிவாக இருக்காது. அப்படியானால் அதை எப்படி அடையாளம் காண்பது? யாரை ஒட்டிக்கொண்டு நீந்துகிறது என்று பார்ப்பார்கள். ஆகவே அந்தக் 'குமாஸ்தா' ஏட்டில் குழந்தையின் அடையாளம் அதன் தாய். என் நண்பர் கேட்கும் கவிதை இதைவிட எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் மொழியில் 'எண்ணு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: கணக்கிடு என்பது ஒன்று, நினை என்பது மற்றொன்று. வீட்டில் ஒரு பிள்ளை இரவு திரும்பவில்லை என்றால், பாயில் கிடக்கும் தலைகளை எண்ணிப் பார்க்கிறாளே தாய், அப்போது அவள் கணக்குப் போடுகிறாளா, நினைக்கிறாளா? இரண்டையும் பிரிக்க முடியுமா? பிரித்துவிட்டு ஒன்றுக்கு இதயம் என்றும் மற்றொன்றுக்குக் குமாஸ்தா புத்தி என்றும் பெயர் கொடுப்பது நாம் எங்கிருந்தோ இரவல் வாங்கிய பழக்கம்.

எண்ணால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஏ-73-ன் கதை இருக்கிறது. 2002 ஜனவரியில் சீயாட்டில் பக்கத்துக் கடலில், படகுகள் போகும் பாதையில், ஒரு குட்டி ஓர்க்கா தன்னந்தனியாக மெலிந்து கிடந்தது. அறுபது எழுபதுகளாக இருந்தால் அழகான ஒரு பெயரும், நல்ல ஒரு தொட்டியும் அதற்குக் கிடைத்திருக்கும். இப்போது ஏடு இருந்தது. குரலைக் கேட்டார்கள், இந்தப் பக்கத்துப் பேச்சே அல்ல, வடக்கே கனடாப் பக்கத்துக் கூட்டத்தின் பேச்சு. படங்களோடு ஒப்பிட்டார்கள், ஏ-73. தாய் ஏ-45, அந்தத் தாயைக் காணவில்லை, இறந்திருக்க வேண்டும். தாயில்லாவிட்டால் என்ன, பாட்டி வழி உறவு இருக்கிறதே! எந்த மாதம் எந்த ஜலசந்திக்கு அந்த உறவு வரும் என்றும் ஏட்டில் இருந்தது. உடம்பு தேற்றி, அதே ஜூலையில் கப்பலேற்றிக் கொண்டுபோய், சொந்தக்காரர்கள் வருகிற வழியில் விட்டார்கள். அது அவர்களோடு போய்ச் சேர்ந்தது. 2013-ல் அதற்கே ஒரு குட்டி பிறந்தது. 'ஸ்பிரிங்கர்' என்ற பெயரும் அதற்கு உண்டு. வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது ஏ-73 என்ற எண்.

என் நண்பர் கோபித்துக்கொண்ட ஜே-35-க்கும் வருகிறேன். 2018-ல் அதற்கு ஒரு குட்டி பிறந்து, அரை மணி நேரத்தில் இறந்தது. செத்த குட்டியை அந்தத் தாய் தலையாலும் மூக்காலும் தாங்கிக்கொண்டு, அது நழுவி மூழ்கும் போதெல்லாம் முக்குளித்து எடுத்துக்கொண்டு, 17 நாள் சுமந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். உலகத்துப் பத்திரிகைகள் அழுதன. என் நண்பரும் அப்போது அழுதிருப்பார். நான் கேட்கிறேன்: 17 நாள் சுமந்தது ஒரே தாய்தான் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? முதல் நாள் ஒரு கறுப்பு முதுகு, மூன்றாம் நாள் ஒரு கறுப்பு முதுகு. ஏடு இல்லாதவனுக்கு அவ்வளவுதானே தெரிந்திருக்கும்? 2024 டிசம்பரில் மறுபடி ஒரு குட்டி பிறந்து, சில நாளில் இறந்து, மறுபடி அந்தத் தாய் அதைச் சுமந்தது. இந்த 'மறுபடி' என்ற வார்த்தையைச் சொல்லும் உரிமை எண் போட்டவனுக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்கு அது இரண்டு தனித்தனி அதிசயம். அவனுக்கு ஒரு தாயின் வாழ்க்கை. ஜே-35 என்ற எண் இனி எந்தக் காலத்திலும் வேறு ஓர் ஓர்க்காவுக்குப் போகாது. ஷாமுவின் கிரீடத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

எதிர்வாதம் இல்லாமலில்லை. படகில் போய்ப் பார்ப்பதே ஒரு தொல்லை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர்க்கா காதால் வாழும் பிராணி. ஒலியை எழுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டே மீனைத் தேடுகிறது. மோட்டார் இரைச்சல் அதன் கண்ணைக் கட்டுகிற மாதிரி. ஆனால் அந்தத் தொல்லையை அளந்து சொன்னவர்களும் ஆராய்ச்சிக்காரர்கள்தாம். வாஷிங்டன் மாகாணத்தில் 2025 முதல், பொதுஜனப் படகுகள் தெற்குக் கூட்டங்களிலிருந்து 1,000 கஜம் தள்ளியே நிற்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பது அதனால்தான். அனுமதிச் சீட்டோடு போகிற ஒரு சின்னப் படகும், வேடிக்கை பார்க்க முண்டியடிக்கும் பத்துப் படகும் ஒன்றல்ல.

உணர்ச்சியால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. 1976-ல் ஒலிம்பியா நகரத்தருகே, விமானமும் வெடியும் வைத்து ஓர்க்காக்களை விரட்டிப் பிடித்ததை, மாகாண கவர்னரின் உதவியாளராக இருந்த ரால்ஃப் மன்ரோ தற்செயலாகப் பாய்மரப் படகிலிருந்து பார்த்தார். அவருடைய கோபம் நீதிமன்றம் வரை போயிற்று. அந்த மாகாணக் கடலில் பிடிப்பதே நின்றது. அந்தக் கோபத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கண்ணெதிரே நடப்பதற்குத்தான் கோபம் வரும். கண்ணுக்குத் தெரியாமல் வருஷத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைவதற்கு யார் கோபப்படுவார்கள்? அதற்குக் கணக்கு வேண்டும்.

இன்றைக்கு நடப்பது அந்த இரண்டாவது வகை. யாரும் பிடிக்கவில்லை; இருந்தும் அந்த மூன்று கூட்டங்கள் பெருகவில்லை. 1990-களின் நடுவில் நூறை நெருங்கி ஏறி, பிறகு இறங்கி, 2024 ஜூலைக் கணக்கில் 73 உயிர்கள். அவை பெரும்பாலும் நம்பியிருப்பது 'சினூக்' என்ற ஒரே வகைப் பெரிய சால்மனை. அது ஏறி வரும் ஆறுகளில் அணைகள். எஞ்சிய மீனிலும் மனிதனுக்குப் பங்கு. உடம்புக் கொழுப்பில் தொழிற்சாலை நஞ்சு. காதில் கப்பல் இரைச்சல். 73 என்று தெரிந்துவிட்ட பிறகு, அணையா மீனா என்று அங்கே நடக்கிற சண்டையில் எவனும் 'கடலில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன' என்று சொல்லித் தப்ப முடியாது. பிக் 1990-ல் ஐம்பது வயதிலேயே இறந்துபோனார். ஆனால் அந்தப் பொய்க்கு இனி இடமில்லாமல் செய்துவிட்டுப் போனார். கடல் சிங்கத்தையும் சீலையும் வேட்டையாடித் தின்கிற மற்றொரு வகை ஓர்க்காவுக்கு இப்போது அவருடைய பெயரே வழங்குகிறது. எண் போட்டவருக்குக் கிடைத்த பெயர்!

கடைசியாக, நம்முடைய தொழிலுக்கு வருகிறேன். நாமும் பெயர் வைக்கிறவர்கள்தாமே? ஒரு கூலிக்காரியைப் பற்றி எழுதும்போது அவளுக்கு எத்தனை பிள்ளை, எத்தனை செத்தது, நாளைக்கு என்ன கூலி, அரிசி என்ன விலை என்று ஒன்றும் விசாரிக்காமல், அழகாக 'பொன்னி' என்று ஒரு பெயரை வைத்துவிட்டு, அவளுக்காக நாலு பக்கம் உருகுகிறோம். வாசகர்களும் கூடவே உருகுகிறார்கள். அடுத்த இதழில் அதே பெயர் இன்னொருத்தியின் தலையில். இதற்கும் ஷாமுவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொரு கதாசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசகர்களும் எங்களைக் கேட்க வேண்டும்.

இன்றும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் தொட்டிகளுக்குள் ஓர்க்காக்கள் துள்ளிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ பார்க்கப் போகிற நம்மவர்களையும், பேரக் குழந்தைகளோடு அங்கே அழைத்துக்கொண்டு போகிறார்கள். போனால், அந்த ஓர்க்காவின் பெயரை ஒலிபெருக்கியே சொல்லிவிடும். அதைக் கேட்க வேண்டாம். இதன் தாய் யார், அது எந்தக் கடலில் இருக்கிறது என்று கேளுங்கள்.